சத்தம் போடாத ஆள்

கட்டிலின் தலைமாட்டில் வைத்திருக்கும் டிக்கட்டை, அதாவது டொக்டர் எழுதும் நோய்க் குறிப்பை, நோயாளியின் வீட்டு ஆட்கள் எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்க்காத ஆளைக் கல்முனைப் பக்கத்தில் நான் கண்டதில்லை. டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த மறுநிமிடம், ஏ.எல். படித்த மருமகன் ஒருவர் அதைத் தூக்கிவிடுவார். அந்தக் கிறுக்கல் எழுத்தில் அவருக்கு விளங்குகிற ஒரே சொல் ‘ஷொக்’. அது வராந்தாவுக்குப் போகும், கேட்டுக்கு வெளியே நிற்கும் ஓட்டோக்காரர் வரை போகும், கடைசியில் ஒரு மூத்தம்மாவின் வாயால் கேள்வியாகத் திரும்பி வார்ட் தாதியான என்னிடமே வரும்.

"என்ன செய்தியக் கேட்டு மனே இவருக்கு ஷொக் வந்த? நாங்க ஒன்டும் சொல்லல்லியே?"

சில குடும்பங்களில் அதற்குள் வழக்கு விசாரணையே முடிந்திருக்கும். வயல் காணிக் கதையை அவருக்கு முன்னால் எடுத்தது யார், கட்டாரில் இருக்கும் மகனின் வேலை போனதைச் சொன்னது யார் என்று தேடி, பழியைப் பெரும்பாலும் ஒரு மருமகளின் தலையில் வைத்திருப்பார்கள். உள்ளே கட்டிலில் கிடப்பவருக்கோ குடற்புண்ணிலிருந்து இரண்டு நாளாக இரத்தம் கசிந்திருக்கும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அவர் எந்தச் செய்தியும் கேட்கவில்லை என்று அந்த மருமகளுக்காக நான் பல தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்கு ஷொக் என்றால் ஒன்றில் கெட்ட செய்தி, இல்லாவிட்டால் கரண்ட். வட்டையில் பன்றிக்கும் யானைக்கும் களவாக இழுத்த கம்பியில் ஆளே அடிபட்டு வருவதுண்டு. தாளம் தப்பித் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர நாங்கள் கொடுப்பதும் ஷொக்தான். அந்த மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாலே வராந்தாவில் கலிமா சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இனி மனநோய்க்குப் பிடிக்கிற கரண்ட் இருக்கிறது. 1938இல் ரோமில் செர்லெத்தி, பினி என்ற இருவர் தொடங்கியது அது. இப்போது மயக்க மருந்து கொடுத்து நோகாமல் செய்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு குமருக்கு அப்படிக் கரண்ட் பிடித்த கதை வெளியே வந்தால் கலியாணப் பேச்சு நின்றுவிடும். ஆக, ஷொக் என்று கேட்டதும் ஊருக்கு நினைவு வருவதெல்லாம் துள்ளல், அலறல், விழுதல். எல்லாம் சத்தம்.

வார்ட்டில் நாங்கள் சொல்லும் ஷொக்குக்குச் சத்தமே கிடையாது. உடம்பின் உறுப்புகளுக்குத் தேவையான அளவு இரத்தம் போய்ச் சேராத நிலை, அவ்வளவுதான். இரத்தமோ தண்ணீரோ வெளியேறிக் குறைந்திருக்கலாம், இதயம் தள்ள முடியாமல் களைத்திருக்கலாம், கிருமியாலோ ஒவ்வாமையாலோ குழாய்கள் விரிந்துபோயிருக்கலாம், நெஞ்சுக்குள் ஏதாவது அடைத்திருக்கலாம். 1737இல் லெ திரான் என்ற பிரெஞ்சு சத்திர சிகிச்சை நிபுணர் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதை இங்கிலீசில் பெயர்த்தபோதுதான் இந்தச் சொல் வைத்தியத்துக்குள் வந்தது என்பார்கள். குண்டு பட்டவனின் உடம்பு குலுங்கிப்போவதை அவர் பார்த்தார். குலுங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள அதற்குப் பின் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. பெயர் மட்டும் அந்தக் குலுக்கத்தோடேயே நின்றுவிட்டது.

நான் தாதியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் எங்கள் வார்ட்டுக்குப் பொறுப்பாக ஒரு சிங்கள சிஸ்டர் இருந்தார். தமிழை எங்களைவிட மெதுவாகவும் திருத்தமாகவும் பேசுவார். பஸ் விபத்து ஒன்றில் ஒரே நேரத்தில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கால் முறிந்த இளைஞன் ஒருவன் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான். நாங்கள் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். சிஸ்டர் என் சட்டையின் தோளைப் பிடித்து இழுத்தார். "கத்துறவர் கத்தட்டும், அவருக்கு மூச்சு இருக்கு. சத்தம் போடாத ஆள் யாரென்று பாருங்க." சுவரோரம் ஒரு வயதாளி சாரனை ஒழுங்காக உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மட்டும் கேட்டார். நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. மண்ணீரல் கிழிந்திருந்ததை அம்பாறைக்கு அனுப்பிய பிறகு தெரிந்துகொண்டோம்.

மாரிப்போக வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் எங்களுக்குப் பாம்புக் காலம். கரையோரத்தில் வீடு, உள்ளே மேற்கே வட்டையில் வயல் என்று வாழ்கிற ஊர்கள் இவை. மெஷின் வந்த பிறகும் வரம்புக் கரையில், சூட்டடியில், வாடியில் புடையன் கடித்து வருவது நிற்கவில்லை. எங்களுக்கு வரும் விஷமுறி மருந்து இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. விஷத்தை அது முறிக்கும். ஆனால் குதிரைப் புரதம் என்பதால் சிலரின் உடம்பு அந்த மருந்தையே எதிரியாக எடுத்துக்கொள்ளும். கடித்த பாம்பு கொல்லாத ஆளை மருந்து கொல்லப் பார்க்கும். இந்த வகை ஷொக்கை 1902இல் பிரான்சில் ரிஷே, போர்ட்டியே என்ற இருவர் நாய்களில் கண்டார்கள். கடல் அனிமோனியின் விஷத்தைச் சிறிதளவு கொடுத்தால் நாய் பழகிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். சில கிழமைக்குப் பிறகு அதே சிறிய அளவைத் திரும்பக் கொடுத்ததும் நாய் செத்துப்போனது. அதற்காக 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதன் மறுபாதி எங்கள் நாட்டில் நடந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. விஷமுறி ஏற்றுவதற்கு முன்னால் தோலுக்குக் கீழே 0.25 மில்லிலீற்றர் அட்ரினலின் போட்டால் இந்த ஆபத்து குறையும் என்று 1999இல் இலங்கை வைத்தியர்கள் காட்டினார்கள். 2011இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துத் திரும்பச் சோதித்தார்கள். கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. காலங்காலமாக நாங்கள் போட்டுவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரொமெதசினும் எதையும் தடுக்கவில்லை என்பதும் அதில்தான் வெளியே வந்தது. அந்த 0.25ஐச் சின்ன ஊசியில் கோடு பார்த்து இழுக்கும்போது கை நடுங்கக் கூடாது. கூடிப்போனால் பிரஷர் ஏறி மூளையில் இரத்தம் கசியலாம்.

அப்படியும் சிலருக்கு வரும். சம்மாந்துறைப் பக்கத்து வயற்காரர் ஒருவருக்குச் சேலைனில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அவர் மச்சானோடு விதைநெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இடது உள்ளங்கையைக் கட்டில் விளிம்பில் தேய்த்தார். "என்ன காக்கா, கை கடிக்குதா?" என்று கேட்டேன். "சும்மா, லேசாக் கடிக்கிது" என்றார். சேலைனை நிறுத்திவிட்டு அட்ரினலினைத் தொடையில் குத்தும்போது மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. கை கடிப்பதற்கெல்லாம் ஊசியா என்று கேட்டார். கேட்டு முடிவதற்குள் காக்காவின் உதடு தடித்து, பேச்சு குழறி, பிரஷர் எடுக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் ஆள் எழும்பி உட்கார்ந்து விதைநெல் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஆனால் எனக்கு ஷொக்கைப் படிப்பித்தது டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, 400 பேருக்கு மேல் மௌத்தானார்கள். அந்த மார்ச்சில் கிண்ணியாவிலிருந்து வந்த டெங்குச் செய்திகளால் எங்கள் கரையோரத்தில் சாதாரணத் தடிமனுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்தது நல்லது. திரும்பிப் போக அவசரப்பட்டதுதான் சிக்கல்.

டெங்குவின் சூது அங்கேதான் இருக்கிறது. காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் ஆபத்து குறைவு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கும்போது, இரத்தக் குழாய்கள் புது மண்பானை ஊறுவதைப் போல ஊறத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். ஒரு சொட்டு இரத்தமும் வெளியே வராது. உடம்பு தொட்டால் சூடு இல்லை. பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும். வீட்டாருக்கு அது சுகம் வந்த அடையாளம்.

முதலாம் ஆண்டு படிக்கிற ஒரு மகள் இருந்தாள், எடை 20 கிலோ. நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு அன்று விடியச் சூடு விட்டிருந்தது. நான் வேலைக்கு வந்து கையெழுத்துப் போடுவதற்குள் தாய் வந்துவிட்டார்.

"சேர், காய்ச்சல் உட்டுட்டு. புள்ள இடியப்பம் கேக்கா. டிக்கட்ட வெட்டித் தாங்க, ஊட்ட போறம்."

"இருங்க ராத்தா, ஒருக்காப் பார்ப்பம்."

தாய் பிள்ளையைக் கழுத்து வரை போர்த்தியிருந்தார். போர்வையைக் கீழிருந்து தூக்கிப் பாதத்தைத் தொட்டேன். விரல்கள் குளிர்ந்திருந்தன. கையை மேலே கொண்டுபோனேன், முழங்காலுக்குக் கீழே பாதி வரை அந்தக் குளிர் ஏறியிருந்தது. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடத்தில் இரண்டு செக்கனுக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியும் அது மெதுவாகத்தான் வந்தது. பிரஷர் 100க்கு 80. தாய் எட்டிப் பார்த்தார். "பிரஷர் நல்லாத்தானே இரிக்கி?" மேல் எண்ணைப் பார்த்தால் நல்லாத்தான் இருந்தது. நாங்கள் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை. அது 20க்கு வந்துவிட்டால் உடம்பு குழாய்களை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசித் தவணையில் நிற்கிறது என்று பொருள். மேல் எண்ணும் விழுந்த பிறகு ஓடுவதில் அவ்வளவாகப் பயனில்லை.

"ராத்தா, புள்ள கடைசியா எப்ப மூத்திரம் போன?"

யோசித்தார். ராவு இஷாவுக்குப் பிறகு போகவில்லை.

இரத்தத்தின் தடிப்பு முதல் நாள் 36 ஆக இருந்தது, அப்போது 45. டொக்டர் வந்தார், சேலைன் ஓடியது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. 20 கிலோப் பிள்ளைக்கு ஒரு நாள் தேவை 1500 மில்லிலீற்றர், எடையின் 5 வீதம் 1000, இரண்டும் சேர்த்து 2500. அதுவே 48 மணித்தியாலத்துக்குமான முழுப் பங்கு. வாயால் குடிப்பதும் அதற்குள்தான். பெரிய ஆளாக இருந்து 50 கிலோவைத் தாண்டினால் பங்கு 4600. குறைத்தால் ஷொக் திரும்பும். கூட்டினால், கசிவு நின்று வெளியே போன தண்ணீரெல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும்போது நுரையீரல் நிறைந்து பிள்ளை மூச்சுத் திணறும். டெங்குவில் ஷொக்கால் போன பிள்ளைகளும் உண்டு, ஷொக்குக்குப் பயந்து ஏற்றிய தண்ணீரால் போன பிள்ளைகளும் உண்டு.

இந்தக் கணக்குக்குப் பெரிய எதிரி மூத்தம்மா. மத்தியானம் அவர் ஒரு பிளாஸ்க்கில் செவ்விளநீர், ஒரு போத்தலில் ஜீவனி, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் பப்பாசி இலைச் சாறு எல்லாம் கொண்டு வந்தார். நான் தாதிமாரின் மேசைக்குப் போய் வருவதற்குள் இளநீரில் பாதி இறங்கியிருந்தது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், "ஒரு மொணறுதான் மனே" என்றார். ஒரு மொணறு எத்தனை மில்லிலீற்றர் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊசி முனையைக் கழற்றிய ஒரு சிரிஞ்சை அவர் கையில் கொடுத்தேன். இனி இதால் அளந்து கொடுங்கள், கொடுத்ததைப் பேரனிடம் சொல்லி எழுதுங்கள் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து மூத்தம்மா எங்கள் கட்சிக்கு மாறிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் இளநீர் கொடுக்க எடுத்ததையும் அவர்தான் தடுத்தார். பள்ளி லெப்பை வந்து ஓதி ஊதினார். தண்ணீர் ஓதிக் கொடுத்ததையும் மூத்தம்மா அளந்து கணக்கில் சேர்த்தார்.

மறுநாள் இரவு பிள்ளை எழும்பி ஒரு தடவை போனது மட்டும் 300 மில்லிலீற்றர். அந்த அளவுக் குவளையைத் தாய் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதும் வார்ட்டில் விழித்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகும் அவர் கேட்டது: "ஊசிக்குப் பயந்துதானே சேர் புள்ளைக்கு ஷொக் வந்த?"

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையில் வரிசையாக நெருக்கி வீடு கட்டி வாழ்ந்த ஊர்கள். வெளியே யாரும் அவ்வளவாக எழுதாத ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன். நாங்கள் சேலைனும் இரத்தமும் எதிர்பார்த்து நின்றோம், அந்த மாதிரி ஆட்கள் குறைவாகத்தான் வந்தார்கள். கடல் ஆளை ஒன்றில் எடுத்தது, இல்லாவிட்டால் சிராய்ப்போடு விட்டது. நடுவில் நின்றவர்கள் சிலர். ஷொக் பிறகுதான் வந்தது. சேற்று மண் புகுந்த சின்னக் காயங்கள் சீழ் பிடித்து, கடல் தண்ணீர் குடித்த நுரையீரல்கள் பழுத்து, கிருமி இரத்தத்தில் ஏறி, ஒரு கிழமை கழித்து வந்தார்கள். கிருமி ஷொக்கில் முதலில் கை கால் குளிராது, வெதுவெதுவென்று இருக்கும். மையித்துத் தேடி நாள் முழுக்க அலைந்தவர்கள் காலில் கிழித்த தகரத்தைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டார்கள். அவ்வளவு பேர் போயிருக்க, இதையெல்லாம் ஒரு காயமென்று சொல்வதா என்று.

அதற்குள் மற்ற ஷொக்கைத் தேடி வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலாம் உலகப் போரில் குண்டு வெடிப்பில் நினைவும் பார்வையும் பாதிக்கப்பட்ட சிப்பாய்களைப் பற்றி 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் எழுதியதிலிருந்து அந்த மனக்காயத்துக்கும் ஒரு வைத்தியப் பரம்பரை உண்டு. அது பொய்யல்ல. ஆனால் மொழிபெயர்ப்பாளரோடு வந்து கூடாரத்தில் உட்கார்ந்து, இரவில் கனவு வருகிறதா என்று படிவம் நிரப்பியதை நான் பார்த்தேன். ஒரு தாய் கேட்ட கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. கணவனின் மையித்துக் கிடைக்கவில்லை, நான் இத்தா இருக்க வேண்டுமா, எந்த நாளிலிருந்து எண்ணுவது? அவருக்குப் பதில் சொன்னது மௌலவி. மையித்துக் கிடைக்காதவர்களுக்காகப் பள்ளிகளில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். இத்தா என்ற அந்தத் துக்க காலத்தின் நாலு மாதமும் பத்து நாளும், கணவனை இழந்தவர்களோடு பெண்கள் மாறி மாறி இருந்தார்கள். ஈதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கர் 2010இல் வெளியிட்ட நூலில் இலங்கைக்கு வந்த அந்தப் படையெடுப்பைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினார். எங்கள் ஊரில் அதை வாசிக்காமலே தெரியும்.

ஊர் சொல்லும் ஷொக்கும் வார்ட் சொல்லும் ஷொக்கும் ஒரே கதவால் உள்ளே வந்த நாள் 2012 ஏப்ரல் 11. பிற்பகல் இரண்டு மணி தாண்டி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. எச்சரிக்கை வந்ததும் கடற்கரை வீதியில் இருந்த சனம் முழுதும் மேற்கே ஓடியது. காரைதீவுச் சந்தியிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாகச் சம்மாந்துறைக்குப் போகும் பாதையில் ஓட்டோ, லாண்ட்மாஸ்டர், சைக்கிள், நடை. கடல் வரவில்லை, பின்னேரம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. பெண்கள் மயங்கி விழுந்து வந்தார்கள். கை விரல் மடங்கி மூச்சு வாங்கிய இளம் பிள்ளைகள், பேச்சு நின்றுபோன ஒரு வயதாளி. 2004இல் யாரையாவது இழக்காத ஆள் அந்த வரிசையில் இல்லை. கூட வந்தவர்கள் "ஷொக் சேர், ஷொக்" என்று கத்தினார்கள். அவர்கள் சொன்னது அவர்கள் பொருளில் சரி. பிரஷர் எல்லோருக்கும் நன்றாக இருந்தது. காலைத் தூக்கி வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் ஆளை இருத்தினால் போதும்.

பின்வரிசை வாங்கில் ஒருவர் தன் உம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஓடி வந்தவருக்கு வேர்ப்பது இயல்பு என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் மற்றவர்களின் வேர்வை காய்ந்து வெகு நேரமாகியிருந்தது. என்ன செய்யுது என்று கேட்டேன். "வாயு சேர். உம்மாவப் பாருங்க." கையைப் பிடித்தேன். ஈரமாகவும் குளிராகவும் இருந்தது, நாடி நூலளவில் ஓடியது. ஈ.சி.ஜி. எடுத்தபோது இதயத்தின் முன்சுவருக்குப் போகும் குழாய் அடைபட்டது தெரிந்தது. உம்மா அதற்குள் எழும்பி, மகனுக்குத் தேத்தண்ணி எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரவோடிரவாக அவரை மட்டக்களப்புக்கு ஏற்றினோம். பிழைத்தார். இப்போதும் கல்முனைச் சந்தையில் கண்டால் எனக்குச் சின்ன மீன் எடுக்க விடமாட்டார், பாரையில்தான் வெட்டித் தருவார்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அக்கரைப்பற்றிலிருந்து மச்சி, மருதமுனையிலிருந்து சாச்சியின் மகள், கட்டாரிலிருந்து மருமகன். காய்ச்சல் எத்தனை, பனடோல் எத்தனை, பிளேட்லெட் எத்தனை என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. காலைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கா? கடைசியாக எப்ப மூத்திரம் போன? எங்கள் குடும்பத்துக் கலியாண வீடுகளில் இது பெரிய பகிடி. "மாமாவுக்கு கோல் எடுக்க முன்னம் மூத்திரம் போயிட்டு எடுங்க" என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். போன மாரியில் ஒரு நாள் சுபஹுக்கு முன் மருமகள் அழைத்தாள். சலாம் சொன்னாள், அடுத்த மூச்சில் நான் கேட்காமலே சொன்னாள்: "மாமா, காய்ச்சல் நேத்து அசருக்கு உட்ட. கால் முழங்கால் மட்டும் குளிர். ராவு எட்டு மணிக்குப் பொறகு போகல்ல. 1990க்கு அடிச்சிட்டன், அம்பியூலன்ஸ் வருது. ஆஸ்பத்திரில என்ன சொல்லணும்?"

"இப்ப எனக்குச் சொன்னதையே சொல்லு" என்றேன்.